விரல் எங்கே போச்சு?

தொழுநோய் வந்தால் கால்விரல் அழுகி உதிருமாமே? (திருச்சி)

உதிர்ந்த விரலைப் பார்த்தவர் யாரென்று கேளுங்கள். "பக்கத்து ஊர்ல ஒருத்தர்" என்பார்கள். அந்தப் பக்கத்து ஊருக்கு இதுவரை பஸ் விடவில்லை. கிருமி குறிவைப்பது நரம்பை. உட்கணுக்கால் வழியாக இறங்கும் நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது. புண்ணாகும், சீழ் வைக்கும், சீழ் எலும்பைத் தொடும். செத்த எலும்பு சில்லுசில்லாகப் புண் வழியே வெளியேறும். மிச்சத்தை உடம்பே நுனியிலிருந்து கரைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் பார்த்தால், பையன் சப்பிச் சப்பிக் கூராக்கிய குச்சி மிட்டாய்! விரல் குட்டையாகிக்கொண்டே வரும். நகம் மட்டும் மொட்டைமேல் துளியூண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

புண்ணே இல்லாமல் எலும்பு நொறுங்குமா? (ஆம்பூர்)

நொறுங்கும். கால் பிசகினால் நாம் நாலு நாள் நொண்டுவோம். அந்த நொண்டல்தான் முதல் வைத்தியம். வலி தெரியாதவர் நொண்டமாட்டார். விரிசல் விட்ட எலும்போடு பஸ்ஸைத் துரத்துவார். பாதத்தின் நடு எலும்புகள் சரிந்து, வளைவாக இருந்த இடம் தோணியின் அடிபோல் புடைத்துவிடும். ஒரு பாதம் மட்டும் வீங்கி, புறங்கையால் தொட்டால் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா? வலிக்கவில்லையே என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். காலை ஊன்றாமல் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் மாவுக்கட்டுதான் போடுவார்.

விரல் தானாக அழுகி உதிர்வதில்லை என்று காட்டியது வெள்ளைக்காரரா? (சேலம்)

வெள்ளைக்காரர்தான், ஆனால் உங்கள் பக்கத்து மலைக்காரர். டாக்டர் பால் பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அவரிடம் இருந்த நோயாளிகள் சிலருக்குக் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு குறைந்திருக்கும். ராத்திரி காவல் வைத்துப் பார்த்தார்கள். எலி! கடித்தும் தூக்கம் கலையவில்லை. அதற்கப்புறம் வீடு திரும்புகிறவர்கள் பூனையோடு போனார்கள். மருந்துச்சீட்டில் பூனை இடம்பெற்றது வேறெங்காவது உண்டா?

மாத்திரையில் குணமாகிவிட்டது. பிறகும் தனிச் செருப்பு ஏன்? (விழுப்புரம்)

6 மாதமோ 12 மாதமோ சாப்பிடும் கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. எம்.சி.ஆர். எனும் அந்தத் தனிச் செருப்பின் மெத்து ரப்பர், மிதிக்கும் பாரத்தை உள்ளங்கால் முழுக்கப் பரப்பிவிடும். ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்வார்கள். ஒரே குறை, தூரத்திலேயே "ஓ, அந்தச் செருப்பா?" என்று ஊர் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பயந்து வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் அழகாகத் தைத்துக் கொடுத்தால் என்ன, அரசுக்குக் கை வலிக்குமா?

எனக்குச் சர்க்கரைதான். இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாமா? (மதுரை)

பிராண்ட் பிற்பாடு அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போய், தொழுநோயாளிகளின் கால் சொல்லித்தந்ததைத்தான், சர்க்கரையால் கால் மரத்துப்போகும் உங்கள் ஆட்களுக்கும் சொன்னார். தாண்டுங்கள், தாண்டும் முன் செருப்பைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள், உள்ளே கல் கிடக்கும்.