மூளையைப் படமெடுத்து முடிவு கட்டுவது எப்படி?

புதுக்கோட்டைப் பக்கம் ஒருவர் யாரோடும் பேசாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டால், அல்லது இல்லாத ஆளோடு பேச ஆரம்பித்தால், குடும்பம் செய்யவேண்டிய காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கோடாங்கி. அடுத்தது குணசீலத்துப் பெருமாள் கோயில், 48 நாள் தங்கல். அதற்கும் அசையவில்லை என்றால் தலைக்கு ஒரு ஸ்கேன். மனநல மருத்துவர் இதில் எங்கே வருகிறார் என்று கேட்காதீர்கள். எடுத்த ஸ்கேனை யாரிடமாவது காட்டவேண்டுமே, அப்போது வருவார்.

இந்தக் கையேடு அந்த வரிசையைக் குலைக்காது. ஒரே ஒரு எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக்கொண்டு மூளையில் என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்து, நோய்க்குப் பெயரும் வைத்து, சம்பந்தி வீடு வரைக்கும் தகவல் சொல்லி முடிக்க விரும்புகிறவர்களுக்காக எழுதியது. மூளை ஆராய்ச்சிக்கென்று இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் இடம். முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-ல் வந்துவிட்டது. ஆனாலும் பக்கத்தில் எடுத்த படத்துக்கு மதிப்புக் கிடையாது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று தூரம் கூடக்கூட ரிப்போர்ட்டின் உண்மையும் கூடும் என்பது நம்மூர் நம்பிக்கை. வேன் பிடிக்கும்போது, நோயாளியைத் தவிர எல்லோருக்கும் ஜன்னல் ஓரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உலோகம். இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெரும்பாலான ஸ்கேன் மையங்களில் இருப்பது 1.5 டெஸ்லா காந்தம். நாம் நிற்கிற மண்ணின் காந்தத்தைப்போல 30,000 மடங்குக்கும் மேல். உடம்பில் இருக்கிற தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களை அந்தக் காந்தத்தால் வரிசைப்படுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை திரும்பும்போது கொடுக்கிற சத்தமில்லாத பதிலைக் கேட்டுப் படம் வரைவதுதான் எம்.ஆர்.ஐ. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்று நினைத்தால், அத்தையின் தாலிக்கொடியைப் பாருங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. அதில் கோத்து வைத்திருக்கும் நான்கு ஊக்குகளை இழுக்கும்.

தாலியைக் கழற்றச் சொன்னதும் மையத்தில் ஒரு பஞ்சாயத்து கூடும். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொண்டு தாலிக்கொடியைக் கழற்றுவது என்று தீர்ப்பாகும். டெக்னீசியன் இந்தத் தீர்ப்பை நூறு தடவை கேட்டிருப்பார். இருந்தாலும் நீங்கள் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவார். மெட்டி வெள்ளிதான், தாயத்து செம்புதான், காந்தம் தொடாது என்று வாதாடலாம். உலோகத்துக்குள் மின்சாரம் ஓடிச் சூடேறும், படமும் பக்கத்தில் குழம்பும் என்று அவர் சொல்வார். அதையும் கழற்றவேண்டும். அரைஞாண் கயிற்றில் என்னென்ன தொங்குகிறது என்பது பெற்ற தாய்க்கே அன்றைக்குத்தான் தெரியவரும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், கோடாங்கி போட்டுவிட்ட இரும்புக் காப்பு. பேயை விரட்டுகிறதோ இல்லையோ, ஸ்கேன் அறைக்குள் அது பறக்கும்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த ஓர் இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் சேர்த்து இழுத்தது, இறந்துபோனார். படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலையில்தான் இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர், மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டவர், வெல்டிங் பட்டறையில் கண்ணுக்குள் இரும்புத் தூள் வாங்கியவர் எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டெக்னீசியன் மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

இனிக் குழாய்க்குள் படுக்கிற கட்டம். போர் போடுகிற லாரிக்கு அடியில் படுத்ததுபோல் இருக்கும். வலுவான காந்தத்துக்கு நடுவே இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தைப் போட்டுப் போட்டு நிறுத்தும்போது அவை உதறிக்கொள்கின்றன, அந்தச் சத்தம்தான் அது. ஏற்கெனவே காதில் யாரோ பேசுகிற குரல் கேட்கிற மனிதரை அதற்குள் படுக்கவைத்து, "ஒண்ணும் இல்ல, சும்மா படுத்திருங்க" என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அவர் அசைவார். அசைந்தால் நல்லது. அசைகிற தலையை அளக்கிற கணினி, மூளையின் சாம்பல் நிறப் பகுதியை உள்ளதைவிட மெல்லியதாகக் கணக்குப் போடும் என்று 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது. மூளை சுருங்கியிருக்கிறது என்று நிரூபிக்க உங்களுக்கு ஆசை இருந்தால், நோயாளியைக் கொஞ்சம் பயமுறுத்தி அனுப்பினாலே போதும்.

இன்னொரு வழியும் உண்டு. தண்ணீர் கொடுக்காதீர்கள். 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களின் மூளை சராசரியாக 0.55 சதவீதம் சுருங்கியது, தண்ணீர் குடித்ததும் திரும்பப் பெருத்தது என்று 2005-ல் ஜெர்மனியில் அளந்தார்கள். ஆரோக்கியமான முதியவரின் மூளை ஓராண்டில் சுருங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். சித்திரை வெயிலில், ஸ்கேனுக்கு வெறும் வயிறு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் படாமல் பெரியவரை அழைத்துப்போனால் ஒரு வருஷ வயதை ஒரே பகலில் ஏற்றிவிடலாம்.

படம் கைக்கு வந்துவிட்டது. பெரிய கவர், உள்ளே கறுப்பு ஃபிலிம், பக்கத்துக்கு இருபது மூளை. இதைப் படிப்பதற்கு டாக்டர் தேவையில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் இதற்கென்று ஒரு படித்த மாமா இருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபிலிமை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "நடுவுல இந்தா பெரிய ஓட்டை தெரியுதுல்ல?" என்பார். தெரியும். எல்லோருக்கும் தெரியும், மாமாவைப் படமெடுத்தாலும் தெரியும். அது மூளைத் தண்ணீர் இருக்கும் அறை. அவரிடம் அதைச் சொல்லாதீர்கள். அடுத்து ரிப்போர்ட்டில் 'மைல்ட் அட்ரோஃபி' என்று ஒரு வரி இருக்கும்; எழுபது வயதுக்காரருக்கு அது நரைமாதிரி எழுதப்படுகிற வரி. ஊருக்குள் போகும்போது அதை "மூளை சுருங்கிடுச்சாம்" என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். 'நார்மல் ஸ்டடி' என்று வந்துவிட்டால்தான் சங்கடம். செலவு வீண், நோயாளி நடிக்கிறார் என்று இரண்டு தீர்மானங்களையும் வேனிலேயே நிறைவேற்றிவிடலாம்.

மாமாவுக்கும் விஞ்ஞான ஆதாரம் இல்லாமல் இல்லை. மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் மூளை அறைகள் பெரிதாக இருக்கின்றன என்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் 1976-லேயே சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் இதை எம்.ஆர்.ஐ.யில் இன்னும் அழகாகச் செய்தார்கள். ஒரே கருவில் பிறந்த 15 இரட்டையர் ஜோடிகள். ஒருவருக்கு நோய் உண்டு, மற்றவருக்கு இல்லை. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெறும் கண்ணால் பார்த்தே 12 ஜோடிகளில் நோயாளி யார் என்று சொல்லிவிட்டார்கள். ஆக வழிமுறை இதுதான்: உங்கள் அண்ணனுக்கு அச்சு அசலாக ஓர் இரட்டைச் சகோதரர் இருக்கவேண்டும், அவருக்கு நோய் இருக்கக்கூடாது, இருவரையும் ஒரே நாளில் படமெடுக்கவேண்டும். இரட்டை இல்லாமல் ஒற்றையாகப் பிறந்தவரின் அறை பெரிதா சிறிதா என்பதற்கு எதனோடு ஒப்பிடுவது?

கணினி ஒப்பிடும். எதனோடு என்று கேட்கவேண்டும். உலகத்தில் பலரும் பயன்படுத்துகிற மாதிரி மூளை, கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் 152 பேரைப் படமெடுத்துச் செய்தது. ஆலங்குடிக்காரர் தலையை மான்ட்ரியல் தலைமேல் பொருத்திப் பார்த்து, குறைகிறது என்று சொன்னால் குறை எங்கே இருக்கிறது? ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் ஜெயந்தி சிவசுவாமி குழுவினர் 100 இந்தியர்களின் படங்களைக் கொண்டு 2019-ல் இந்திய மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம் மூளை சராசரியாக உயரம், அகலம், கன அளவு மூன்றிலும் வெள்ளைக்காரர்களுடையதைவிடச் சற்றுச் சிறியது என்று அதில் தெரிந்தது. ஒரு நோயும் இல்லாமலே.

எண்ணிக்கை பெருகினால் உண்மை தெளியும் என்பவர்களுக்கு எனிக்மா என்ற உலகக் கூட்டமைப்பின் கணக்கு இருக்கிறது. 2016-ல் மனச்சிதைவு நோயாளிகள் 2,028 பேர், நோயில்லாதவர்கள் 2,540 பேர். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி நோயாளிகளுக்குச் சராசரியில் சிறிதாக இருந்தது; அவர்கள் அளந்த உட்பகுதிகளில் தூக்கலாகத் தெரிந்த வித்தியாசம் இதுதான். அந்த வித்தியாசத்தை மாமாவுக்குப் புரிகிற கணக்காக மாற்றிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நோயாளியையும் ஒரு சாதாரண ஆளையும் இழுத்து வந்து, யாருக்குச் சிறிய ஹிப்போகேம்பஸோ அவர்தான் நோயாளி என்று சொன்னால், 100-க்கு 63 முறை சரியாக இருக்கும். மனச்சோர்வு நோய்க்கு அவர்கள் போட்ட கணக்கில் 1,728 நோயாளிகள். அங்கே இதே வித்தை 100-க்கு 54 முறைதான் பலிக்கும். காசைச் சுண்டினால் 50. கோடாங்கி இதைவிடக் குறைவாகச் சொன்னதாக யாரும் அளந்ததில்லை.

கூட்டத்தின் சராசரியைச் சொல்கிற கருவியிடம் ஓர் ஆளின் ஜாதகத்தைக் கேட்கிறோம். கருவி என்ன செய்யும்? ஆனாலும் சில வீடுகளில் படம் நேரடியாகவே பேசிவிடும், அங்கே இந்தக் கையேடு உதவாது. முதல் தடவை வலிப்பு வந்தவருக்கு மூளைக்குள் நாடாப்புழுவின் இளம்புழுப் பை உட்கார்ந்திருப்பது தெரியலாம். நம் நாட்டில் இது அபூர்வமில்லை. வருஷக்கணக்காக மாத்திரைக்கு அடங்காத வலிப்பில், ஒருபக்க ஹிப்போகேம்பஸ் தழும்பேறிச் சுருங்கியிருப்பது தெரிந்து அறுவைச் சிகிச்சைக்கு வழி பிறக்கலாம். நடை தள்ளாடி, சிறுநீர் அடங்காமல், நினைவும் மங்குகிற பெரியவருக்கு மூளை அறைகளில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். குழாய் வைத்து வடித்தால் சிலர் எழுந்து நடக்கிறார்கள். அமைதியான மனிதர் ஐம்பது வயதில் திடீரென்று குணம் மாறினால், முன்மூளையில் ஒரு கட்டி காரணமாக இருக்கலாம். இதற்கெல்லாம் ஸ்கேனை எழுதுகிறவர் முதலில் நோயாளியிடம் பேசி, சுத்தியால் முழங்காலில் தட்டிப் பார்த்திருப்பார். நம் வரிசையில் அதற்கு இடமில்லை என்பதால் மேலே போகலாம்.

ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களே, உங்கள் முறை. மூளை மாற்றத்துக்குக் காரணம் நோயா மருந்தா என்பது உங்கள் துறையின் பழைய தகராறு. பழைய வகை மாத்திரைகளே மூளையின் அடிப்பகுதிகள் சிலவற்றைப் பெருக்கச் செய்யும். தகராறைத் தீர்க்க, பல வருஷம் நோயோடு வாழ்ந்தும் ஒரு மாத்திரைகூட விழுங்காத ஆள் வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். தமிழ்நாட்டில் கிடைத்தார்கள். ஸ்காட்லாந்து டாக்டர் மெக்கிரீடியும் சென்னை ஸ்கார்ஃப் மனநல அமைப்பின் தாரா, பத்மாவதி முதலானோரும் சேர்ந்து, மருந்தே காணாத இந்த நோயாளிகளை எம்.ஆர்.ஐ. எடுத்து 2002-ல் வெளியிட்டார்கள். வாய், கை தானாக அசைகிற நோயாளிகளுக்கு, அப்படி அசையாதவர்களைவிட மூளையடியில் லென்டிஃபார்ம் என்ற பகுதி இடப்பக்கம் பெரிதாக இருந்தது. "மாத்திரை தின்னுதான் வாய் கோணிப்போச்சு" என்று குடும்பங்கள் சொல்கிற பழியில் ஒரு பங்கு நோய்க்கும் உண்டு என்று அர்த்தம். நல்ல ஆய்வு. வைத்தியம் எட்டாத கிராமங்கள் இருந்ததால் செய்ய முடிந்த ஆய்வு.

இந்த மூலதனம் புதுக்கோட்டையில் கரைந்துவருகிறது என்பதை எச்சரிக்கவேண்டியது என் கடமை. சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய அதே ஸ்கார்ஃப், அதே தாராவின் தலைமையில், 2010-ல் இந்த மாவட்டத்துக்குள் ஒரு பஸ்ஸை விட்டது. பஸ்ஸுக்குள் ஓர் அறை, அறையில் ஒரு திரை. திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசுவார், நோயாளி இங்கிருந்து பதில் சொல்வார். இன்னொரு பக்கம் மருந்துக் கவுன்ட்டர், மாத்திரை இலவசம். காந்தம் கிடையாது, ஊக்கைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், மாமா பிடித்துப் பார்க்க ஃபிலிமும் தர மாட்டார்கள். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி என்று கேட்பார்கள், அவ்வளவுதான். விஞ்ஞானத்துக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. பஸ் போய் வந்த ஊரில் மருந்து படாத மூளை மிஞ்சுவதில்லை.

ஆகவே உங்கள் ஆய்வுக்கு வேறு மாவட்டம் பாருங்கள். கடைக்கோடி ஊராக, பஸ் தடம் இல்லாததாகத் தேடுங்கள். அங்கே சங்கிலியோ கதவோ பூட்டியிருக்கும் வீட்டில் ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது, அந்த அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "படம் எடுத்த பெறகு மாத்திரை குடுப்பியளா?" என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கான கட்டம் படிவத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று கிளம்பும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.