தர்மப் புகை

வா தம்பி, உட்காரு. தே தாரேக் ஒண்ணு சொல்லட்டா? முதல்ல ஒண்ணு இழுக்கணுமா? இழு, இழு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா முழுக்கத் தேடினாலும் ஒன்னை மாதிரி ஒரு தர்மப் பிரபு அகப்பட மாட்டான். 17 வெள்ளிக்கு மேல கொட்டிக் குடுத்து ஒரு பொட்டலம் வாங்குற. தனியாவா அனுபவிக்கிற? எதிர் மேசையில ரொட்டி சானாய் பிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைக்கு ஒரு பங்கு. அதோட அம்மா வயித்துல இருக்கிறதுக்கு ஒரு பங்கு. இளைப்புக்கு மருந்து உறிஞ்சிட்டு வந்து குந்தியிருக்கிற இந்தக் கிழவனுக்கும் ஒரு பங்கு. அஞ்சு காசு கேட்டிருப்பியா நீ?

அதுலயும் ஒன் பெருந்தன்மையைச் சொல்லணும். நீ வாயில வைக்கிற பக்கம் பஞ்சு இருக்கு, வடிகட்டி இழுக்குற. எரியுற பக்கத்துலேருந்து சும்மா கெளம்புது பாரு ஒரு புகை, அதுக்குப் பஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேரா எங்களுக்கு. நீ ஊதி விடுறதைவிட அந்தப் புகையிலதான் நஞ்சு கூடன்னு டாக்டருங்க சொல்றாங்க. நல்ல சரக்கை எங்களுக்குக் குடுத்துட்டு, கழிச்சதை நீ வச்சுக்குற.

1981-ல ஜப்பான்ல ஹிராயாமான்னு ஒரு டாக்டர், சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பொம்பளைங்களைக் கணக்கெடுத்தாரு. புருஷன் ஊத ஊத, பெஞ்சாதிக்கு நுரையீரல் புத்து வர்ற வாய்ப்பு ஏறிக்கிட்டே போச்சு. சிகரெட் கம்பெனிக்காரனுங்க வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சானுங்க. குதிச்சு என்ன? இன்னிக்கு உலகச் சுகாதார நிறுவனமே சொல்லுது, அடுத்தவன் புகையால வருசத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல சாகுறாங்கன்னு. தாலி கட்டின பாவத்துக்கு அந்தப் பொம்பளைங்களுக்கு இதுவும் ஒரு சீதனம்.

தோட்டத்துல ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போடுவோம். அந்த அறையைப் பார்த்திருக்க மாட்டே. வெள்ளையாப் போற ஷீட்டு, சில நாள்ல தேன் நிறமா வெளிய வரும், நல்ல விலைக்கும் போகும். ஒன் பக்கத்துல தினம் குந்துறவன் நெஞ்சும் அப்படித்தான் பழுக்குது. அதை எந்தத் தவுக்கே நிறுத்து வாங்குவான்னுதான் தெரியல.

என்ன சொல்ற? "கடை வாசல்ல குந்தினா காத்தோட போயிரும் தாத்தா"வா? அந்தக் கதைதான் முந்தி இருந்துச்சு. ஏர்கோன் கடையில ஊதக்கூடாது, காத்தாடிக் கடையில ஊதலாம். 2019 ஜனவரி 1-ல அதுக்கும் முடிவு கட்டினாங்க. எந்தச் சாப்பாட்டுக் கடையா இருந்தாலும், கூரை இருந்தாலும் இல்லாட்டியும், மூணு மீட்டர் தள்ளிப் போய்த்தான் ஊதணும். எங்க உரிமை போச்சுன்னு சில பேர் ஹைகோர்ட்டுக்கே ஓடினாங்க. அதே வருசம் அக்டோபர்ல கேஸு தள்ளுபடி. மூச்சு விடுறவனுக்கும் ஏதோ உரிமை இருக்கும்போல, பாவம்.

நீ வேலை பார்க்குற பிரிக்ஃபீல்ட்ஸுல அந்த மூணு மீட்டரை ஒருநாள் அளந்து பாரு. வாழையிலைக் கடையிலேருந்து மூணு மீட்டர் போனா பூக்கடை. அங்க மல்லிகை கட்டுற அக்கா மூக்குல ஒன் தர்மம். அவளுக்கு இலையில சாப்பிட நேரமில்ல, ஆனா இலைக்காரன் புகை மட்டும் தப்பாம வரும். இன்னும் நாலு எட்டு வச்சா நடைபாதையில மஞ்சக் கல்லு, மேடு மேடா. அது அலங்காரத்துக்குப் போட்டதில்ல தம்பி. பார்வையற்றோர் சங்கம் இருக்கிற ஊரு அது; கோலைத் தட்டிக்கிட்டு அவங்க நடக்கிற தடம். அதுமேலதான் நீங்க நாலு பேரு கால்மேல கால் போட்டு நின்னு ஊதுறீங்க. நீங்க நிக்கிறது அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. தூரத்துலயே மூக்கு சொல்லிரும். தடத்தை விட்டு ரோட்டுல எறங்கித்தான் சுத்திப் போகணும், அவ்வளவுதான்.

எல்லாரையும்விட இந்தக் கடைப் பையனைத்தான் பார்க்கணும். ராமநாதபுரத்துப் பையன், பெர்மிட்டுல வந்தவன். "அண்ணே, இங்க ஊதாதீங்க"ன்னு ஒன்கிட்ட அவன் சொல்லிருவானா? சுவத்துல போர்டு தொங்குது, அதைக் காட்டக்கூட அவனுக்குக் கை வராது. நீ சிகரெட்டை மேசைக்கு அடியில நீட்டினதும், காலி பால் டின்னுல ஈரத் தாள் துணுக்கு ஒண்ணைப் போட்டுக் கொண்டாந்து வைக்கிறான். நாளெல்லாம் நிக்கிறவனுக்கு அதையும் சேர்த்துத்தான் சம்பளம்.

ஓ, இப்போ எடுக்கிறது சிகரெட்டு இல்ல, வேப்பா? மாம்பழ வாசனையா? நல்லது. 2024 அக்டோபர் 1-லேருந்து நடக்குற புதுச் சட்டத்துல மாம்பழமும் சிகரெட்டும் ஒண்ணுதான். தடை போட்ட இடத்துல புடிச்சா 5,000 வெள்ளி வரைக்கும் போகலாம்.

பெரிய எடத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் இல்லேன்னு நினைச்சியா? போன வருசமோ என்னவோ, இல்ல, 2024 டிசம்பர், வெளியுறவு அமைச்சர் முகமது ஹசான் சாப்பாட்டுக் கடையில குந்தி ஊதின படம் ஊர் பூரா சுத்துச்சு. மனுஷன் மன்னிப்புக் கேட்டு, அபராதத்தையும் கட்டுறேன்னுட்டாரு.

ஒனக்கு அந்தப் பயமெல்லாம் வேணாம். ஒன்னைப் படம் புடிக்க யாரு மெனக்கெடப் போறா? அதோ, தூணுக்குப் பின்னால போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, அவ என் பேத்தி. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சிரி.