வாங்க தம்பி, வெளிச்சம் இப்பத்தான் போச்சு

ஆனி மாசம் பாதி தாண்டிச் சாரல் விழுந்தாப் போதும், எங்க சுந்தரபாண்டியபுரத்துக்கு ஆளுக வர ஆரம்பிச்சிருவாவ. புளியரை தாண்டிக் கேரளத்துக் காரு வரும், மதுரைப் பக்கமிருந்து வேன் வரும், தென்காசியிலேருந்து பைக்கு வரும். குத்தாலத்துல குளிச்ச தலை காயுமுன்ன சூரியகாந்தித் தோட்டத்துக்குள்ள நிப்பாவ. 1992-ல வந்த 'ரோஜா' படத்துக் கதையில வாற கிராமத்துக்கு எங்க ஊருப் பேரைத்தான் வச்சாவ. 2005-ல 'அந்நியன்' படத்துக்காரவ வந்து பாறையெல்லாம் நடிகமாரு மொகமா வரைஞ்சு பாட்டு எடுத்துட்டுப் போனாவ. அந்தப் பாறைக்கு இப்ப அந்நியன் பாறைன்னே பேரு. அன்னையிலேருந்து இந்த ஊருல கல்லுக்கு மவுசு, பூவுக்கு மவுசு, வேப்பமரத்தடியில ஒக்காந்திருக்க கெழவனுக்கும் மவுசு. எம் மொகத்துச் சுருக்கத்துக்கு இம்புட்டு மரியாதை கெடைக்கும்னு தெரிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமாவே கெழவனாயிருப்பேன்.

படம் எடுக்க வாற தம்பிமாருக்கு நாலு விசயம் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனப்பு. காசு வாங்காமச் சொல்லுதேன், அதனால மதிப்பு இருக்காது. இதையே எவனாவது யூடியூப்ல சொன்னா பெல் பட்டனை அமுக்கிட்டுக் கேப்பிய. பரவாயில்ல, ஒக்காருங்க.

சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு அரக்கப் பரக்க ஓடி வாறிய. என்ன தம்பின்னு கேட்டா, 'கோல்டன் அவர்' தாத்தா, ஆப்புல போட்டிருக்குங்கிய. ஆப்பு சொல்லுதது சரிதான். ஆனா ஆப்புக்காரன் போட்ட கணக்கு, கண்ணுக்கு எட்டுன மட்டும் தரை சமமா கெடக்குற ஊருக்கு. மேக்க திரும்பிப் பாருங்க, என்ன தெரியுது? மலை. குத்தாலத்து மலை, அதுக்குத் தெக்க வடக்க நெடுக மேற்குத் தொடர்ச்சி. அது எந்த ஆப்புக்கும் கட்டுப்படாது. ஆப்புல சூரியன் மறையுதுன்னு போட்டிருக்க நேரத்துக்கு ரொம்ப முன்னாலயே எங்க ஊருச் சூரியன் மலைக்கு அந்தாண்ட போயிருக்கும். நீங்க டிரைபாடை விரிச்சு, லென்ஸைத் தொடைச்சு, தலையைச் சீவி முடிக்கையில வெளிச்சம் கேரளத்துல இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஆப்பு வேணாம், விரலு போதும். கையை நேரா நீட்டிச் சூரியனுக்குக் கீழ விரலைப் படுக்க வச்சுப் பாருங்க. ஒரு விரல் கனம் ஏறத்தாழ 2 டிகிரி. நம்ம பக்கத்துல சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா எறங்கும், ஒரு டிகிரிக்கு 4 நிமிசம் சொச்சம். மலைமுடிக்கும் சூரியனுக்கும் நடுவுல ரெண்டு விரலு இருந்தா, கையில இருக்கது 17 நிமிசம்தான். மேநாட்டுப் பொஸ்தகத்துல ஒரு விரலுக்கு 15 நிமிசம்னு எழுதிருக்கும். அங்க சூரியன் சாய்ஞ்சு சாய்ஞ்சு எறங்கும், அந்தியும் நீளம். அவன் கோல்டன் அவர்ன்னா நெசமாவே ஒரு மணி நேரம் இருக்கும். நம்ம ஊருல மலையே இல்லேன்னாலும் அரைமணி தேறுனா பெரிசு. அந்தப் பொஸ்தகத்தைப் படிச்சுட்டு இங்க வந்து டீ குடிச்சுக்கிட்டு நின்னா எப்படி?

அமெரிக்காவுல ஆன்செல் ஆடம்ஸுன்னு படம் எடுக்குற மனுசன் ஒருத்தரு இருந்தாரு. கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதிய, எம் பேரன் போன்ல படிச்சுக் காட்டுவான். 1941-ல நியூ மெக்சிகோவுல ஹெர்னாண்டஸ்ங்கிற சின்ன ஊரு வழியா காருல போறாரு. கெழக்க நிலா ஏறுது, மேக்க சூரியன் எறங்குது, கல்லறைச் சிலுவை மேல கடைசி வெயிலு நிக்குது. வண்டியை ஓரங்கட்டிப் பெட்டிக் கேமராவை நட்டு வச்சுட்டுப் பாத்தா, வெளிச்சம் அளக்குற மீட்டரைக் காணோம். மனுசனுக்கு நிலாவோட வெளிச்சக் கணக்கு மனப்பாடம். அதை வச்சே ஒரு படம் எடுத்தாரு. ரெண்டாவதுக்குப் பிலிமைத் திருப்பையில சிலுவை மேல இருந்த வெயிலு போயிட்டு. அந்த ஒத்தைப் படத்துலதான் அம்புட்டுப் பேரு. நீங்க ஒரு பூவுக்கு முன்னால நின்னு எடுக்குற படத்தை எண்ணுனா தென்காசி வோட்டர் லிஸ்டைத் தாண்டும்.

இன்னொரு கூத்து கேளுங்க. சூரியகாந்தின்னா நாளெல்லாம் சூரியனைப் பாத்துத் திரும்பும்னு நெனச்சுக்கிட்டு, சாயந்தரம் வந்து மேக்க பாக்குற பூவைத் தேடுதிய. மொட்டா இருக்கையிலதான் தம்பி அந்தச் சுத்தெல்லாம். மலர்ந்து முத்துன பூ கெழக்க பாத்து நின்னுட்டா நின்னதுதான். கலிபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரவ 2016-ல ஆராய்ச்சி பண்ணி எழுதுனாவ: கெழக்க பாத்த பூவு காலை வெயில்ல சீக்கிரம் சூடேறுது, அதனால அதுக்குத் தேனீ பல மடங்கு கூட வருதுன்னு. எங்க ஊருச் சம்சாரிக்கு ஆராய்ச்சி தெரியாது. ஆனா விடியக்காலம் வரப்புல நின்னா தோட்டமே தன்னைப் பாத்து நிக்கும்னு தெரியும்.

ஆக, பூவோட மொகம் வேணும்னா வெள்ளன வாங்க. ஆறரை மணி வெயிலு பூவுக்கு நேரா விழும். பூவுக்குப் பின்னால மலை, மலை மேல மேகம், எல்லாத்து மேலயும் அந்த இளமஞ்ச வெயிலு. காத்தும் அந்நேரம் கொஞ்சம் அடங்கிருக்கும். சாயங்காலந்தான் முடியும்னா சாயங்காலமே வாங்க, தப்பில்ல. ஆனா கெழக்க நின்னு பூ மொகத்தைப் பாத்து எடுத்தா சூரியன் பூவுக்கு முதுகுல இருக்கும். இதழு வெளிச்சத்தை உள்ள வாங்கி எரியும், நடுவட்டம் கறுத்துப் போவும். அது ஒரு தனி அழகு. அதை வேணும்னு எடுக்குறவன் கெட்டிக்காரன். எடுத்துட்டு 'ஏன் இருட்டா வருது'ன்னு கேமராவை உலுக்குறவனைத்தான் நான் தெனமும் பாக்கேன்.

சாரல் விழுந்தா மொகத்தைத் தூக்கி வச்சுக்கிடுதிய, வெயிலு போச்சேன்னு. அடக் கூறே! ஆரியங்காவு கணவாய் வழியா மேகம் நொழைஞ்சு வானம் முழுக்க வெள்ளையா மூடிக் கெடக்குற நேரந்தான் ஆளு மொகம் எடுக்க நேரம். கண்ணுக்குக் கீழ நெழலு விழாது, யாரும் கண்ணைச் சுருக்க வேண்டாம். மழை கழுவிட்டுப் போன பொறவு தூசி அடங்கி, மலை பக்கத்துல வந்து நிக்கும். பச்சையும் மஞ்சளும் அப்பத்தான் நெறம் காட்டும். ஒண்ணு மட்டும் நெனப்பு வச்சுக்கோங்க, இது காத்தடிக்கிற ஊரு. பூவு ஒரு எடத்துல நிக்காது. ஷட்டர் வேகத்தை ஒரு செகண்டுல 500-ல ஒரு பங்குக்கு மேல வையுங்க. இல்லேன்னா பூவுக்குப் பதிலா மஞ்சத் தண்ணியைக் கலக்குனதுதான் படத்துல இருக்கும்.

உச்சிப் பொழுதைப் பத்தி ஒண்ணும் சொல்லதுக்கில்ல. சித்திரை ஒண்ணை ஒட்டி எங்க ஊருல மத்தியான நெழலு காலுக்கடியிலயே ஒளிஞ்சுரும், சூரியன் அப்படி நெத்திக்கு மேல நிக்கும். அந்நேரம் எடுத்த படத்துல எல்லாருக்கும் கண்ணு குழிஞ்சு, மூக்குக்கு அடியில இல்லாத மீசை இருக்கும். பொண்ணு பாக்க அனுப்புற படமா இருந்தா ரொம்பக் கவனம். அந்நேரம் சாப்பிட்டுப் படுங்க.

இப்பத் தோட்டத்து விசயம். பூவுக்கு நடுவுல நின்னாத்தான் படம்னு யாரு சொன்னா? ஒருத்தன் எறங்குன தடத்துல ஒம்பது பேரு எறங்குதான், சாய்ஞ்ச தண்டு நிமிராது. வட்டத்துக்குள்ள இருக்கது ஒரு பூவில்ல தம்பி, அம்புட்டும் பொடிப் பொடிப் பூவு, ஒவ்வொண்ணும் ஒரு வெதை. அதைப் பிச்சுக் கண்ணு, மூக்கு, சிரிச்ச வாயின்னு ஸ்மைலி போட்டுப் படம் எடுத்துட்டுப் போறிய. பூவு சிரிக்கும், சம்சாரி சிரிக்க மாட்டான். செல தோட்டத்துல கயிறு கட்டி ஆளுக்கு இம்புட்டுன்னு காசு வாங்குதாவன்னு கோவப்படுதிய. வாங்கட்டுமே! நீங்க மிதிச்சதுக்கு எண்ணெய் ஆலைக்காரனா காசு குடுப்பான்? வரப்புல நின்னு 200 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு எடுங்க. அந்த லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. தூரத்துப் பூவையெல்லாம் நெருக்கி அடுக்கிக் காட்டும், பின்னால மலையையும் இழுத்துட்டு வந்து நிறுத்தும். உள்ள எறங்கிப் போனில எடுத்தா நாலு பூவும் நடுவுல களையும்தான் தெரியும். நல்ல படமும் வரப்புலேருந்துதான் வரும், சம்சாரியும் திட்ட மாட்டான். ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்கையில எதுக்குச் சேத்துக்குள்ள எறங்கணும்?

பூவு முடிஞ்ச பொறவு என்கிட்ட வருவிய. "தாத்தா, பைய நடந்து வாங்க. அந்தத் துண்டைத் தலையில கட்டுங்க. பீடி இருக்கா?" நான் பீடியை விட்டாச்சுன்னா மொகம் வாடிப் போவுது. ஒரு தம்பி பல்லு செட்டைக் கழத்தச் சொன்னான், அப்பத்தான் கிராமத்துக்காரன்னு நம்புவாவளாம். எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 'மறைந்துவரும் மண்ணின் மனிதர்'னு கீழ எழுதிப் போடுதிய. நான் எங்கயும் மறையல, இங்கனதான் இருக்கேன். பட்டாபட்டிப் பையில போனும் இருக்கு.

எம் மொகத்தை எடுக்க வழி சொல்லுதேன். வெயில்ல நிறுத்தாதிய. அந்தத் திண்ணையில, நெழலும் வெளிச்சமும் சந்திக்கிற ஓரத்துல ஒக்கார வையுங்க. தெருவுலேருந்து வாற வெளிச்சம் ஒரு கன்னத்துல விழுந்து மறு கன்னத்துல மெல்ல அடங்கும். அடங்குன பக்கம் ரொம்ப இருட்டுன்னா கலியாண வீட்டு அப்பளம் கணக்கா ஒரு வெள்ளி வட்டத்தை மடக்கிக் கொண்டு வாறியளே, அது வேணாம். கொடியில கெடக்குற வெள்ளை வேட்டியை எடுத்து அந்தப் பக்கம் ஒருத்தனைப் பிடிக்கச் சொல்லுங்க. அதே வேலைதான், வாடகை கெடையாது.

நான் கறுப்பு. கேமராவுக்குள்ள இருக்க மீட்டரு எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலா ஆக்கப் பாக்கும். படம் நெறைய எம் வேட்டி இருந்தா வேட்டியைச் சாம்பலாக்கும், மொகத்தைக் கரியாக்கும். பின்னால இருட்டா இருந்தா மொகத்தை வெளுத்துத் தள்ளும். அதனால வெளிச்சத்தை மொகத்துல அளங்க, போனுன்னா மொகத்து மேல விரலைத் தட்டுங்க. முந்தி கோடாக் கம்பெனி படம் கழுவுற லேபுகளுக்கு ஒரு அட்டை அனுப்பும், ஷெர்லி அட்டைன்னு பேரு. அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு இருப்பா. அவ தோலு நல்லா வந்தா நெறம் சரின்னு அர்த்தம். நம்மள மாதிரி ஆளு படத்துல கண்ணும் பல்லுமாத்தான் தெரிவோம். இன்னைக்கு கேமரா எம்புட்டோ திருந்திட்டு. நீங்கதான் பில்டரைப் போட்டு என்னைய அந்த ஷெர்லிக்கு அண்ணனாக்கப் பாக்கிய. ஆடி வெயில்லயும் ஐப்பசி மழையிலயும் நின்னு சம்பாதிச்ச நெறம் தம்பி, ஒரு விரல் தேய்ப்புல அழிச்சுறாதிய.

போனை மூக்குக்கிட்ட கொண்டு வராதிய, மூக்கு மட்டும் முன்னால வந்து காது ரெண்டும் பொறத்தால ஓடிரும். ஆறேழடி தள்ளிப் போய், 85 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தா அதைப் போடுங்க. கேக்காம எடுத்தாத்தான் இயல்பா வரும்னு ஒரு கட்சி இருக்கு. எனக்கு அதுல நம்பிக்கையில்ல. பக்கத்துல ஒக்காந்து, மழை எப்படி, மகசூல் எப்படின்னு பேசுங்க. கொஞ்ச நேரத்துல நான் கேமராவையே மறந்துருவேன். அதுக்குப் பொறவு வாற மொகந்தான் எம் மொகம். களையெடுக்குற பொம்பளையாளுகளை நிமிரச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, மறுபடி குனியச் சொல்லுதியளே, அந்த நேரத்துக் கூலியை யாரு குடுப்பா? வேலை முடிஞ்சு கரையேறையில கேளுங்க. எடுக்காதியன்னா விட்டுருங்க.

கடைசியா ஒண்ணு. ஸ்டீவ் மெக்கரின்னு ஒரு அமெரிக்காக்காரரு, 1984-ல பெஷாவர் பக்கத்து அகதி முகாம்ல ஆப்கானிஸ்தான் பொண்ணு ஒருத்தியைப் படம் எடுத்தாரு. ஷர்பத் குலான்னு பேரு, அந்தப் பேரே ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது. 1985 ஜூன்ல நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில வந்து அந்தப் பச்சைக் கண்ணு உலகமெல்லாம் சுத்திட்டு. அந்தப் பொண்ணு தன்னோட படத்தை மொதமொதல்ல பாத்தது 2002-ல. பதினேழு வருசம்! அவ சின்னப் பிள்ளை, காத்திருந்தா. எனக்கு அம்புட்டு ஆயுசு மிச்சமில்ல. எடுத்த கையோட நம்பரை வாங்கி வாட்ஸ்அப்ல அனுப்புங்க. போன் இல்லாதவிய வீட்டுக்குத் தென்காசி ஸ்டுடியோவுல ஒரு பிரிண்டு போட்டுக் குடுத்துட்டுப் போங்க. அதைச் செவுத்துல மாட்டுவாவ. உங்க ஸ்டேட்டஸ் ஒரு நாள்ல அழிஞ்சுரும், அது அழியாது.

அடுத்த வருசம் வாறதுன்னா ஆடி மாசம் ஆறு மணிக்கு முன்ன வாங்க, தோட்டக்காரனைக் கேட்டுட்டு வரப்புல நில்லுங்க. பத்து மணிக்குப் பொறவு வந்தா என்னையத் தேடாதிய, நான் தூங்கிக்கிட்டிருப்பேன்.