மூன்று மாதப் பாலம்

அகரம்பள்ளிப்பட்டுப் பக்கம் தென்பெண்ணையை நாங்கள் நடந்தே கடந்தோம். மாசி பிறந்தால் ஆறு ஒரு கரையோரமாக ஒதுங்கிவிடும். தாத்தா கோலால் தட்டிப் பார்த்தபடி முன்னால் போவார். "என் தடத்துலயே கால வெச்சு வாடா, அந்தாண்ட மடு இருக்கு" என்பார். நடுமணலில் உட்கார்ந்து கையாலேயே ஊற்றுத் தோண்டுவார். முதலில் கலங்கல்தான் வரும். அதைக் கொட்டாங்குச்சியால் இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால், மணலுக்குள்ளிருந்து தெளிந்த தண்ணீர் மெல்ல ஏறும். அந்த ருசி எந்தக் கேன் தண்ணீரிலும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்துவிட்டால் யாரும் ஆற்றில் இறங்கமாட்டார்கள். பிரசவ வலி கண்டவளையும் ஊர் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பாலம் கேட்டு மனு மேல் மனுப் போட்டவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

அந்தப் பாலம் வந்தே விட்டது. தொண்டமானூரோடு இணைக்கும் உயர்மட்டப் பாலம், ஏறக்குறைய 16 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் திறந்தார்கள். தாத்தா தயங்கித் தயங்கிக் கடந்த ஆற்றை பைக்கில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்தேன். நடுவில் வண்டியை நிறுத்திக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு இறங்கி, மண்ணில் புதைந்த வீட்டில் 7 பேர் இறந்தார்கள், அவர்களில் 5 பேர் குழந்தைகள். அதே மழையில், எங்கள் ஆற்றின் மேலே இருக்கும் சாத்தனூர் அணையும் நிரம்பியது. 2-ஆம் தேதி விடிவதற்கு முன்பே விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். மூன்று மாதப் பாலம் அடித்துக்கொண்டு போனது.

சுமார் 54 ஆயிரம் கன அடிக்குத்தான் வடிவமைத்தோம் என்று பிறகு அரசுத் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. எனக்கு ஆறவில்லை. அணை நேற்று முளைத்ததல்ல, 1958 முதல் அங்கே நிற்கிறது. அது நிரம்பித் திறந்தால் என்ன வரும் என்று பாலத்தின் கணக்கு கேட்டிருக்க வேண்டாமா?

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் சாவ்சோ என்ற கல்பாலம் இருக்கிறது. லீ சுன் என்பவர் 605 வாக்கில் கட்டி முடித்தது. பெரிய வளைவின் இரு தோள்களிலும் இரண்டிரண்டு சிறு வளைவுகளைத் திறப்பாக விட்டார். பாரமும் குறைந்தது, வெள்ளம் ஏறினால் போக வழியும் கிடைத்தது. 1,400 ஆண்டுகளாக நிற்கிறது. அந்தக் காலத்திலேயே வெள்ளத்துக்கு வழி விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பாலம் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் வரைபடத்தின் முதல் வரியில் 1.68 லட்சம் என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அன்றைக்குத் தண்ணீர் எந்த மரத்தில் எந்தக் கிளைவரை ஏறியது என்று கரையில் இருக்கிறவர்களைக் கேளுங்கள், ஒவ்வொருவரும் கைநீட்டிக் காட்டுவார்கள்.