முள்ளைத் திட்டாதல, மாப்ளே!

வால மாப்ளே, வா. பையில என்ன, புது மீட்டரா? பெட்டியே இன்னும் பிரிக்கல போலிருக்கே. நல்ல காரியம் பண்ணுன. தடைக்காலத்துல லாஞ்சு எல்லாம் 61 நாளு கட்டிக் கெடந்தா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் எப்படிப் பொழைப்பான்? ஒன்னயப்போல நாலு டிரைவரு இருக்கப்போயிதான் அவன் வீட்டுல உல கொதிக்கி.

ஒன் எஞ்சின் வியாதி என்னன்னு நான் சொல்லட்டா? சாவியத் திருப்புன ஒடனே டெம்பரேச்சர் முள்ளு செவப்புல போயி ஒட்டிக்கிடுது. ராத்திரி பூரா குளுந்து கெடந்த எஞ்சினு, இன்னும் ஸ்டார்ட்டே ஆகல, அதுக்குள்ள எப்படில கொதிக்கும்? அத யோசிக்காம மீட்டரு போச்சுன்னு தீர்ப்பு எழுதிட்டு ரூவாய எடுத்துக்கிட்டு ஓடிட்ட. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

சரி, வந்தது வந்துட்ட. ஒக்காரு. மொத சங்கதி, மீட்டரத் தொடாத. எஞ்சினப் பாரு. முள்ளு பொய் சொல்லுதுன்னு முடிவு கட்டுறதுக்கு முந்தி, அது நெசத்தச் சொல்லுதான்னு பாக்கணும்லா? எஞ்சின் ஓடயில பக்கவாட்டுல தள்ளுற கடத்தண்ணி எப்பவும் போல வருதா, நூலா வருதா? உறிஞ்சுற எடத்துல இருக்குற வடிகட்டியக் கழத்திப் பாரு. நம்ம துறைமுகத்துல மீனக் காட்டிலும் பிளாஸ்டிக் பைதான ஜாஸ்தி, அதுல ஒண்ணு உள்ள குடியிருக்கும். பம்புக்குள்ள இருக்குற ரப்பர் இம்பெல்லர்ல எதழு ஒடஞ்சிருக்கா, பெல்ட்டு தளந்திருக்கா, அதயும் பாரு. ஒடஞ்ச எதழு எங்க போச்சுன்னும் தேடு. அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில போயி அடச்சுக்கிட்டு ஒனக்காகக் காத்துக் கெடக்கும்.

ஒன் மச்சான்கிட்ட அந்தத் துப்பாக்கி தெர்மாமீட்டர் இருக்குல்லா, தூரத்துலேர்ந்து சிவப்பு வெளிச்சம் அடிப்பானே, அத வாங்கி தெர்மாஸ்டாட் மூடி மேல அடி. மினுங்குற இரும்புல அடிச்சா அதுவும் பொய் சொல்லும். ஒரு துண்டு கறுப்பு டேப்ப ஒட்டி அது மேல அடி. உள்ள நல்ல தண்ணி சுத்துற டீசல் எஞ்சின் வழக்கமா 80, 85 டிகிரி பக்கத்துல ஓடும். கடத்தண்ணியே நேரா சுத்துற எஞ்சின்னா 60 பக்கத்துலதான் வச்சிருப்பான், அதுக்கு மேல போனா உப்பு உள்ளயே படிஞ்சிரும்லா. துப்பாக்கியும் முள்ளும் ஒண்ணு போலச் சொன்னா, மீட்டரக் கும்பிட்டுட்டு எஞ்சினப் பிரி. ரெண்டும் சண்ட போட்டா மட்டும் என்கிட்ட வா.

இப்ப வந்தாச்சுன்னு வச்சுக்க. மீட்டர் முதுகத் திருப்பிப் பாரு. அதுல மூணு திருகு. 'ஐ'-ன்னு போட்டது சாவியிலேர்ந்து கரண்டு வார எடம். 'ஜி' எர்த்து. 'எஸ்' எஞ்சின்ல சொருகியிருக்குற சென்சாருக்குப் போற வயரு. இன்னொரு வயரு கெடந்தா அது வெளக்குக்கு. சென்சாருக்குள்ள பெரிய மந்திரம் ஒண்ணும் கெடையாது. சூடு ஏற ஏற அதோட தடை கொறையும், முள்ளு ஏறும். வயரு அந்து போனா முள்ளு குளுச்சியிலயே படுத்துக்கிடும். வயரு எங்கயாவது இரும்பத் தொட்டா முள்ளு செவப்புக்குப் பாயும். பெரும்பாலான மீட்டருக்கு இதுதான் சட்டம்.

இப்ப ஒன் கேசுக்கு வாரேன். சாவியப் போடு, சென்சார் தலையில இருக்குற வயரப் பிடுங்கு. முள்ளு கீழ எறங்கிச்சா? அப்ப சென்சார்தான் உள்ளுக்குள்ள எர்த்து ஆயிட்டு, அத மாத்து. எறங்கலியா? மீட்டருக்கும் சென்சாருக்கும் நடுவுல வயரு எங்கயோ ஒரசித் தோலுரிஞ்சு எஞ்சினக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கி. இன்னும் சந்தேகம்னா மீட்டர்லயே 'எஸ்' வயரக் கழத்திப் பாரு. அப்பவும் செவப்புலயே நின்னாத்தான் மீட்டரு மேல குத்தம். பாத்தியா, மீட்டரு மொற கடைசியிலதான் வருது. நீ அதுக்குத்தான் மொதல்ல மால போட்டுக் கூட்டிட்டு வந்துருக்க.

பக்கத்து லாஞ்சுக்காரனுக்கு மறு வியாதி, முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது. அவன் பனிமய மாதாவுக்கு மெழுகுதிரி நேந்திருக்கான். நேரட்டும், வேண்டாங்கல. ஆனா மாதா வந்து வயர முறுக்க மாட்டா. அவன் சென்சார் வயரப் பிடுங்கி, நுனிய எஞ்சின் இரும்புல ஒரு நொடி தொட்டுப் பாக்கணும். முள்ளு செவப்புக்கு ஓடுனா மீட்டரும் வயரும் சுத்தம், சென்சார் சரியில்ல. ஓடலன்னா மீட்டர் முதுகுலயே 'எஸ்'-ஸ எர்த்துல தொடணும். அங்க ஓடுனா நடுவுல வயரு அந்துருக்கு. அங்கயும் ஓடலன்னா 'ஐ'-யில கரண்டு வருதா, 'ஜி'-யில எர்த்து இருக்கான்னு மல்டிமீட்டர வச்சுப் பாக்கணும். ரெண்டும் இருந்தும் முள்ளு அசையலன்னாத்தான் மீட்டரத் திட்டலாம். கைதவறி 'ஐ'-ய எர்த்துல தொட்டிராதீங்க. பியூஸு வெடிச்சா அதுக்கு ஒரு மெழுகுதிரி நேர வேண்டி வரும்.

லைட்டப் போட்டா முள்ளு ஏறுது, பம்பப் போட்டா ஆடுதுன்னா அது எஞ்சின் சூடு இல்ல, எர்த்து செத்துக்கிட்டு இருக்கு. பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து ஒரு தனி வயர இழுத்து 'ஜி'-யில வச்சுப் பாரு. முள்ளு அடங்கிட்டா கத முடிஞ்சுது. உப்புக்காத்துல செம்பு வயரு தோலுக்குள்ளயே பச்ச பூத்து மாவாயிரும், வெளிய பாத்தா புதுமாப்ள கணக்கா இருக்கும். நுனிய வெட்டிப் பாரு. கறுத்திருந்தா அந்த வயரத் தூரப் போடு, ஈயம் பூசுன வயரா வாங்கு.

சென்சார மாத்துறேன்னுட்டு திருகுல வெள்ள டேப்ப ஏழு சுத்துச் சுத்துனது யாரு, நீதான? ஒத்த வயரு சென்சாருக்கு அந்தத் திருகுதான் எர்த்து. தண்ணி கசியக் கூடாதுன்னு கரண்டையும் சேத்து அடச்சுட்ட, ரொம்பக் கெட்டிக்காரன். மாட்டுறதுக்கு முந்தி சென்சார வெந்நியில முக்கி, தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல ஓம் பாரு. சூடு ஏற ஏற நம்பரு எறங்கணும். எறங்கலன்னா அது சென்சாரு இல்ல, வெறும் போல்ட்டு. இன்னொண்ணு, சென்சாரும் மீட்டரும் ஜாதகம் பாத்துச் சேக்குற ஜோடி. ஒரு கம்பெனி மீட்டருக்கு வேற கம்பெனி சென்சாரக் கட்டி வச்சா ரெண்டும் நல்லதா இருந்தும் தப்பாத்தான் காட்டும். வாங்கிட்டு வந்தியே, இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னு கேட்டியால? ஏன் முழிக்க?

இப்ப வெளையாட்ட விட்டுட்டு ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. செவப்புல நிக்குற முள்ளுக்கு எல்லாரும் பயப்படுவான். நான் பயப்படுறது சாதுவா நடுவுல நிக்குற முள்ளுக்கு. சென்சார் தண்ணியில முங்கிக் கெடந்தாத்தான் சரியாச் சொல்லும். தண்ணி ஒழுகிப் போயி அதச் சுத்தி வெறுங்காத்து நின்னா, எஞ்சின் வெந்துக்கிட்டு இருக்கும், முள்ளு ஒண்ணுமில்லன்னு சொல்லும். நீ அத நம்பி மடிய இழுத்துக்கிட்டுப் போவ. ஹெட்டு வளஞ்ச பொறவு மொதலாளி வருவாரு, அவரு மொகம் காட்டுற டிகிரிய அளக்க எந்த மீட்டரும் கெடையாது. அதனால காலையில எஞ்சின் குளுந்திருக்கயில மூடியத் தொறந்து தண்ணியப் பாரு. சூட்டுல தொறந்திராத, மூஞ்சி வெந்துரும்.

பஸ்ஸரு கத்துதுன்னு அதோட வயர வெட்டி விட்டுருக்கியாம்லா, கேள்விப்பட்டேன். தூங்குறதுக்கு நல்ல யோசன. அந்தப் பஸ்ஸருக்கு எஞ்சின்ல தனி சுவிட்சு இருக்கு, முள்ளு செத்தாலும் அது கத்தும். மொதல்ல அந்த வயரச் சேத்துக் கட்டு. பொறவு சாவியப் போட்டு, சுவிட்சுத் தலையில இருக்குற வயரக் கழத்தி இரும்புல தொட்டுப் பாரு. கத்துனா ஜூன் 15-ஆம் தேதி கடலுக்குப் போ. கத்தலன்னா, அதச் சரி பண்ணுற வரைக்கும் கயித்த அவுக்காத.