டாங்கிள் பசியியல்: முத்தையாபுரத்துச் சன்னலோர ஆய்வு

டாங்கிள் எனப்படுவது யாதோ எனின், கட்டைவிரல் அளவு உடம்பும் கல்யாணப் பந்திப் பசியும் உடைய இணையக் கருவி என்க.

அதற்குப் படியளக்கும் யூஎஸ்பி 2.0 துளையின் கொடை 5 வோல்ட், 500 மில்லியாம்பியர், பெருக்கினால் 2.5 வாட். அதுவும் கேட்டுப் பெற வேண்டியது. செருகியவுடன் கைக்கு வருவது 100 மில்லியாம்பியரே. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புகைபோக்கி உயர்த்தி நிற்கும் தூத்துக்குடி அனல் மின் நிலையமோ 210 மெகாவாட் அலகுகள் ஐந்துடன் கட்டப்பட்டது. 1,050 மெகாவாட்டை 2.5 வாட்டால் வகுத்துப் பார்த்தேன்: 42 கோடி டாங்கிள்களின் வயிறு நிரம்பும். என்னுடைய ஒன்று மட்டும் பட்டினியால் பத்து நிமிடத்துக்கொரு முறை மூர்ச்சையானது.

சிக்னல் இன்மையால் அணைந்தது எனின், அற்றன்று. கோபுரம் தொலைவில் இருந்தால் டாங்கிள் தொண்டையைக் கிழித்துக் கத்தும். 3ஜி கிட்டாமல் 2ஜிக்கு இறங்கினால் இன்னும் மோசம். சுமார் 4.6 மில்லிநொடியை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறில் மட்டும் 2 வாட் வரை அலை வீசும். வெளியே 2 போக, உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். மற்ற ஏழு கூறிலும் கெபாசிட்டரில் சேர்த்து வைத்ததுதான் கைகொடுக்கும். சங்கு குளிக்கிறவர் மேலே மூச்சை நிரப்பிக்கொண்டு இறங்குவதுபோல என்பேன். மூச்சைச் சரியாகப் பிடிக்காமல் இறங்கினால் என்னாகும் என்பது இக்கரையில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கேதான் அடியேனின் பெரும்பிழை. சிக்னல் தேடி, 5 மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் கட்டி டாங்கிளைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். கோடுகள் கூடின, விளக்கு அணைந்தது. 28 கேஜ் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக 5, வர 5, ஆக 10 மீட்டர், 2.1 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் காணாமற்போகும். போதாக்குறைக்கு உப்புக்காற்று செருகுமுனையில் பச்சை பூக்க வைத்தது. செல்போன் கடை அண்ணாச்சி கேபிளைக் கையில் தூக்கிப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்: “கம்பி நூலு மாரி இருக்கு தம்பி. இதுல வோல்ட் எப்படிப் போவும்?”

தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கலாம் என்பர் ஒரு சாரார். 2012 மின்வெட்டுக் காலத்தில் அடாப்டர் எதைத் தின்னும் என்று அவர்கள் சொல்லவில்லை. இரு துளைகளில் கடன் வாங்கும் ஒய் கேபிளை முயன்றேன்; டாங்கிள் பிழைத்தது, மவுஸுக்கு இடம் போயிற்று.

கடைசியில் அரை மீட்டர் நீளமுள்ள தடித்த கேபிள் ஒன்றை வாங்கி, மேசையையே சன்னலுக்கு நகர்த்தினேன். டாங்கிள் நிழலில் இருக்கிறது. காலை வெயில் முழுவதும் என் மேல்.