நடுவழி நிற்றலியல்: ஓர் ஆய்வு

கார் ஓடுவதைப் பற்றித் தமிழ்நாட்டில் அறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. மைலேஜுக்கு மாமா, பிக்கப்புக்கு மைத்துனர், மறுவிற்பனை விலைக்குப் பக்கத்து ஃபிளாட்காரர் என்று துறைக்கொருவர் இருக்கிறார்கள். கார் நிற்பதைப் பற்றி, அதுவும் நிற்கச் சொல்லாத இடத்தில் நிற்பதைப் பற்றி, முறையாகச் சிந்திப்பார் இல்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வு எல்லை தமிழ்நாடு. ஆய்வுக்களம் சாலையோரம். ஆய்வுச் சிக்கல்: நடுவழியில் நின்ற காரை மீட்கும் காப்புத் திட்டங்களுள் கையைக் கடிக்காதது எது, அதை எப்படித் தேர்வது?

நிற்றல் ஐவகைப்படும். செல்ஃப் எடுக்காமல் நிற்றல், பஞ்சராகி நிற்றல், சூடேறி நிற்றல், டீசல் தீர்ந்து நிற்றல், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நிற்றல். கடைசி வகையில் நிற்பது கார் அன்று, உரிமையாளர். விளைவு ஒன்றே என்பதால் இங்கேயே அடக்கப்பட்டது. காரணம் தெரியாமல் நிற்றலை ஆறாவதாகக் கொள்ள வேண்டும் என்பாரும் உளர். அக்காரணம் பில் வந்ததும் தெரிந்துவிடும் ஆதலால் அது தனி வகை ஆகாது.

இத்துறையின் வரலாறு சற்றுக் கோணலானது. 1905-இல் இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தோன்றியபோது நின்ற காரைக் கிளப்பிவிடுவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்கப் போலீஸ் ஒளிந்திருக்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லி எச்சரிக்கத்தான் அந்தச் சங்கம் பிறந்தது. எதிரே வரும் லாரிக்காரர் ஹெட்லைட்டை இருமுறை சிமிட்டி ‘முன்னாடி செக்கிங்’ என்று அறிவிக்கும் நம் நெடுஞ்சாலை மரபும் அதுவும் ஒரே குலம். ஆக, சாலை உதவியின் முதல் உதவி போலீஸிடமிருந்து காப்பாற்றியதே. பதினோரு ஆண்டு கழித்து, 1916-இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர், ஓடைக்குள் விழுந்த நண்பரின் காரை ஆட்களும் கயிறுமாக மணிக்கணக்கில் இழுத்துச் சலித்து, பழைய கார் ஒன்றின் மேல் கப்பியும் சங்கிலியும் பொருத்தி இழுவை வண்டியைச் செய்தார். அந்த ஊரில் இழுவை வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வயதில் அவற்றுக்குச் சளைக்காத சில கிரேன்களை நம் சாலையோரங்களிலும் காணலாம்.

தமிழ் மரபு இதற்கெல்லாம் அடங்காதது. சென்னை பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதிக்கு முன் புது வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுப்பதுதான் இங்கே மூத்த காப்புத் திட்டம். பிரீமியம் ஒரே தடவை. கிலோமீட்டர் வரம்பு இல்லை. விதிவிலக்குகள் சிறிய எழுத்தில் அச்சாகவில்லை. ஒரு குறை, அழைப்பு எண் கிடையாது.

இனி மூலநூல். இன்சூரன்ஸ் பாலிசி என்பது பலர் வாங்கி ஒருவரும் வாசிக்காத நூல் வகை. ‘ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்’ என்று நெஞ்சை நிமிர்த்தும் உரிமையாளர், வண்டி நின்றாலும் அது வந்து பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார். மூலம் அப்படிச் சொல்லவில்லை. தேர்டு பார்ட்டி காப்பு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். அது நம் வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கு. ஓன் டேமேஜ் நம் வண்டிக்கு. ஆனால் விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் முதலியவற்றுக்கு. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் சேராது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீருக்குள் நின்ற காரை ‘எதுக்கும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்’ என்று பார்த்தவர்கள், வெள்ளம் காப்பில் சேரும், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெடுத்த என்ஜின் சேராது என்ற நுட்பத்தை என்ஜின் விலை கொடுத்துக் கற்றார்கள்.

விபத்தில் அடிபட்ட காரைப் பட்டறைக்கு இழுத்துச் செல்ல 1,500 ரூபாய் வரை தரும் பிரிவு ஒன்று வழக்கமான கார் பாலிசியில் உண்டு. தானாக நின்ற காருக்கு அதுவும் இல்லை. அதாவது, புளியமரத்தில் மோதினால் இழுவைக் கூலி உண்டு. புளியமர நிழலில் நின்றுபோனால் இல்லை. இதைப் படித்துவிட்டு மரத்தை நாடிச் செல்வோருக்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.

எனவே நிற்றலுக்கான காப்பைப் பிற்சேர்க்கையில்தான் தேட வேண்டும். ‘ரோட்சைடு அசிஸ்டன்ஸ்’ என்ற பெயரில், ஆட்-ஆன் ஆக, சில நூறு ரூபாய்க்கு அது கிடைக்கிறது. மேலே 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. கார் கம்பெனிகள் தனியாக விற்கும் திட்டங்கள் பெரும்பாலும் இதைவிட விலை கூடுதல். விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது கற்றோர் செயலன்று. நூற்பாக்களுக்கு உரை காண்போம்.

‘அருகிலுள்ள பணிமனைக்கு இழுத்துச் செல்லப்படும்’ என்பது முதல் நூற்பா. எதற்கு அருகில்? வண்டி நின்ற இடத்துக்கு அருகில், உங்கள் வீட்டுக்கு அருகில் அன்று. மதுரையிலிருந்து சென்னை திரும்புகையில் உளுந்தூர்பேட்டையில் நின்ற கார் வேளச்சேரிக்கு வராது. விழுப்புரத்தோடு அதன் பயணம் முடியலாம். நீங்கள் பஸ் ஏறிச் சென்னை வந்து, அடுத்த வாரம் விழுப்புரம் போய் வண்டியை எடுத்துவர வேண்டும். இலவசமாக இழுக்கும் தூரமும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒன்றில் 25 கிலோமீட்டர், இன்னொன்றில் 50, வேறொன்றில் 100. வரம்பு தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். போகும் தூரத்தை மட்டும் கணக்கிடுவதா, இழுவை வண்டி கிளம்பி வந்த தூரத்தையும் சேர்ப்பதா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். இழுவை வண்டிக்காரருக்கு இதில் ஐயமே இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைச் செம்மேட்டில் நின்றவருக்கு 25 கிலோமீட்டர் வரம்பு அடிவாரத்தோடே தீர்ந்துபோகலாம். ஆகவே, மலிவுத் திட்டம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பிரீமியத்தை அன்று, இந்தக் கிலோமீட்டரை.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஒன்று: இழுக்கும் முறை. முன்சக்கரத்தையோ பின்சக்கரத்தையோ தூக்கிக்கொண்டு இழுப்பது ஒரு வழி. முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் இன்னொரு வழி. என்ஜின் விசை போகும் சக்கரங்கள் தரையில் உருளும்படி ஆட்டோமேட்டிக் காரை இழுத்தால் கியர்பாக்ஸ் கெட்டுப்போகக்கூடும். மின்சாரக் காருக்கு பிளாட்பெட்தான் உகந்தது. வந்து இறங்குகிற தம்பி ‘நியூட்ரல்ல போடுங்கண்ணே, கட்டி இழுத்துடலாம்’ என்று அன்போடு சொல்வார். அன்பை மறுக்கப் பழகவும்.

‘எரிபொருள் கொண்டுவந்து தரப்படும்’ என்பது அடுத்த நூற்பா. தரப்படுவது சில லிட்டர். கொண்டுவருவது இலவசம், எரிபொருள் உங்கள் காசு. ‘பஞ்சரான டயர் மாற்றித் தரப்படும்’ என்பது மூன்றாவது. மாற்றுவது உங்கள் ஸ்டெப்னியை எடுத்து. ஸ்டெப்னி எங்கே என்று கேட்டால் சில புதுக் கார்களில் பதிலே இல்லை: டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது. அப்படிப்பட்ட காரில் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் கிட் உதவாது; அது பஞ்சர் கணக்கிலிருந்து இழுவைக் கணக்குக்குப் போய்விடும். அதிலும் கிலோமீட்டர் வரம்பு. எல்லா நூற்பாவும் முதல் நூற்பாவில்தான் போய் முடிகிறது.

‘ஓராண்டில் இத்தனை முறை மட்டும்’ என்ற நூற்பாவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரே ஆண்டில் ஐந்தாவது முறை நிற்கிற காருக்குத் தேவை காப்பு அன்று, வாங்குவதற்கு ஓர் ஆள்.

உதவி கேட்கும்போது நிகழும் உரையாடலும் ஆய்வுக்குரியது.

“சார், லேண்ட்மார்க் சொல்லுங்க.”

“ஒரு புளியமரம் இருக்கும்மா.”

“பக்கத்துல ஏதாவது ஷோரூம், மால்?”

“எதிர்ல இன்னொரு புளியமரம்.”

நெடுஞ்சாலை ஓரத்துக் கிலோமீட்டர் கல் இதற்காகத்தான் நட்டிருக்கிறது என்பது நின்ற பிறகே பலருக்குப் புலப்படுகிறது. திட்டம் வாங்கும் முன், இருப்பிடத்தைப் போனிலிருந்தே அனுப்ப வழி இருக்கிறதா, தமிழில் பேச ஆள் உண்டா என்று அந்த எண்ணைக் கூப்பிட்டே பார்த்துவிடலாம். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் இன்னும் துல்லியமான தரவு கிடைக்கும்.

இத்தனை உரைக்கும் பிறகு ஆய்வாளர் கண்ட முடிபு, விற்பவர்களுக்கு உவப்பாக இராது. பலரிடம் காப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் இரட்டையாக. புதுக் காருக்கு வாரண்டி காலத்தில் கம்பெனியே சாலை உதவியை இலவசமாகத் தருவது வழக்கம். அது தெரியாமல் இன்சூரன்ஸில் ஆட்-ஆன் டிக் அடிக்கப்படுகிறது. டிக் அடிப்பவர் பெரும்பாலும் ஷோரூம்காரர். வாரண்டியை நீட்டித்தால் மூன்றாவதாக ஒன்றும் வரலாம். ஒரு கார் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும் என்ற இயற்பியல் உண்மை இங்கே மறக்கப்படுகிறது. போதாததற்கு, தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண் இரவு பகலாக இயங்குகிறது. டோல் கட்டும் சாலையில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் எல்லாம் அந்த ஏற்பாட்டில் அடக்கம். தடத்தை அடைத்து நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தி ஓரம் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை, உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுவது அன்று. மாநிலச் சாலையிலும் மலைப்பாதையிலும் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை.

ஆகவே தீர்ப்பு இது. வாரண்டிக்குள் இருக்கும் காருக்குத் தனிக் காப்பு வீண் செலவு. வாரண்டி முடிந்து, ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு மலிவான ஆட்-ஆன் போதும். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பைக்கில் வந்து பேட்டரிக்கு ஒயர் கொடுப்பாரானால் அதுவும் தேவையில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு முந்நூறு, நானூறு கிலோமீட்டர் போகிற பழைய காருக்குத்தான் உண்மையில் காப்பு வேண்டும். அதற்கு நூறு, இருநூறு ரூபாய் கூடினாலும் இழுவைத் தூரம் அதிகமுள்ள திட்டத்தையே எடுக்கவும். காரின் வயதுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்று கேட்கவும். உதவி வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம், பொதுவாகக் குறையாது. பாலிசியைப் புதுப்பிக்க மறந்தால் ஆட்-ஆனும் சேர்ந்து காலாவதியாகும்.

வாங்கும் முன் கார் டேஷ்போர்டு அறையைத் திறந்து பழைய காகிதங்களை ஒருமுறை படிக்கவும். அப்படியே டிக்கியையும் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கவும். அதற்கு எந்தத் திட்டமும் பொறுப்பேற்பதில்லை.